புற்றுநோய் சிகிச்சை: பட்டவள் சொல்லும் பாடம்



நமது மடலில் இதுவரை சேமிப்பு, உள்கடன், பதிவேடு எழுதும் முறை, சத்தான உணவு என்று பல பாடங்கள் படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் புற்றுநோய் சிகிச்சை. இதை டாக்டரம்மா யாரும் எழுதவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்து முடித்த, ஆட்டையாம்பட்டியில் முறுக்கு சுற்றிப் பிழைக்கிற, 9ஆம் வகுப்பு வரை படித்த நான் எழுதுகிறேன். அதனால் மருத்துவ விவரம் கொஞ்சமாகவும், பட்டது அதிகமாகவும் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அவர்களும் கேட்கட்டும்.

எனக்குக் கட்டி தெரிந்தது 2022ஆம் வருடம் தை மாதம். வயது 44. குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக, கொட்டைப் பாக்கு அளவு கைக்குத் தட்டியது. வலி கிடையாது. வலி இல்லை என்பதுதான் இந்த நோயின் கெட்ட குணம். நம்மூரில் வலித்தால்தான் சீக்கு, வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவோம். எங்கள் தெருவில் ஒரு அக்கா அப்படித்தான் ஒன்றரை வருடம் ஜாக்கெட்டுக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார். புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. அவரைப் பார்த்திருந்ததால் நான் மூன்றாம் நாளே கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னேன். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச்சொல்லி, டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கட்டி மட்டும்தான் அடையாளம் என்று நினைக்காதீர்கள். மார்பின் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாக மாறுவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் வருவது, அக்குளில் நெறி கட்டியது போல் இருப்பது, இதெல்லாமும் அடையாளம்தான். ஒன்று சொல்ல வேண்டும். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் கிடையாது. ஆனால் எது எது என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. சோதனை செய்துதான் சொல்ல முடியும்.

ஊசி குத்தினால் பரவுமா?

சோதனை என்றால் மேமோகிராம் என்ற எக்ஸ்ரே, அப்புறம் ஊசி விட்டுக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது. இதற்கு பயாப்சி என்று பெயர். இங்கேதான் ஊரே வைத்தியம் சொல்ல வந்தது. "ஊசி குத்தினா கட்டி ஒடம்பெல்லாம் பரவிடும், குத்த உடாத" என்றார் எங்கள் பெரியம்மா. என் நங்கை ஒரு ஊர் பேர் சொல்லி அங்கே பச்சிலைக் கட்டு போடுகிறார்கள் என்றார். எங்கள் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர். இரண்டு நாள் தறிக்குப் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். யார் சொல்வதைக் கேட்பது என்று அவருக்கும் புரியவில்லை.

நான் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். ஊசி குத்துவதால் நோய் பரவாது என்றார். பரவுவது, வைத்தியம் செய்யாமல் நாள் கடத்துவதால். ஊசி போட்ட ஒரு மாதத்தில் யாருக்காவது நோய் பெரிதாகிப் போயிருந்தால், அது ஊசிக்கு முன்னாலேயே பெரிதாகித்தான் இருந்திருக்கும். பச்சிலைக் கட்டு போட்டுப் பார்க்கும் மூன்று மாதம், அந்தக் கட்டிக்கு நாம் கொடுக்கும் மூன்று மாதம். மருந்து மேல் நம்பிக்கை இருந்தால் இருக்கட்டும், சாமிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், நானும் காளிப்பட்டி கந்தசாமி கோயிலுக்கு நேர்ந்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே நேர்ந்துகொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான். அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஒரு பெண்கள் சங்கம் கட்டிய ஆஸ்பத்திரி

உறவினர் ஒருவர் சென்னையில் இருந்ததால் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே காத்திருந்த நேரத்தில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை நம் குழுப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கியது ஒரு மாதர் சங்கம்.

பிரசவ உதவித்தொகை வாங்கும்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அதிசயமாக இருந்த காலத்தில், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். அவருடைய உடன்பிறந்த சகோதரி 1923இல் புற்றுநோயால் இறந்துபோனார். தானே டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அப்போதிருந்தே புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த நோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பது அந்தக் காலத்துப் பேச்சு. (இன்றைக்கும் நம் தெருவில் அதே பேச்சு இருக்கிறது என்பது வேறு விஷயம்.)

1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் மூலமாக அவர் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி 12 படுக்கைகளோடு, குடிசைகளில், ஆஸ்பத்திரி ஆரம்பமானது. 1923லிருந்து 1954 வரை, 31 வருடம்! நாம் ஒரு கடன் விண்ணப்பத்துக்கு பேங்குக்கு மூன்று தடவை அலைந்தால் சலித்துக்கொள்கிறோம்.

அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அந்த ஆஸ்பத்திரியை வளர்த்தார்கள். சாந்தா அம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார். 2005இல் மகசேசே விருது, 2016இல் பத்மவிபூஷண் பெற்றார். 2021 ஜனவரி 19ஆம் தேதி, 93 வயதில் காலமானார். நான் போனபோது அவர் இல்லை. பழைய நோயாளிகள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைத்தான் கேட்டேன்.

சிகிச்சை எப்படி இருக்கும்

எல்லாருக்கும் ஒரே மாதிரி சிகிச்சை கிடையாது. கட்டியின் அளவு, அக்குள் நெறிக்குப் பரவியிருக்கிறதா, கட்டி எந்த வகை, இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சிலருக்கு மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். சீக்கிரம் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். எனக்கு இடது மார்பை முழுக்க எடுத்தார்கள். பிறகு கீமோ என்கிற மருந்து 8 தடவை, 21 நாளுக்கு ஒரு தடவை. அதன் பிறகு ரேடியேஷன் 15 நாள்.

ஆபரேஷன் நான் பயந்த அளவு இல்லை. கீமோதான் ஆளைப் பார்த்தது. முதல் நான்கு தடவை ஏற்றிய மருந்து செக்கச்செவேல் என்று ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒன்றுக்குப் போனால் சிவப்பாகப் போகும். நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார், இல்லாவிட்டால் ரத்தம் என்று அலறியிருப்பேன். மருந்து ஏறும்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் ஆரம்பிக்கும். குமட்டல், வாந்தி, வாயெல்லாம் தகரத்தைக் கடித்தது போல ஒரு ருசி. முறுக்கு வேகும் எண்ணெய் வாசம் மூன்றாவது வீட்டிலிருந்து வந்தால்கூடக் குடலைப் பிரட்டும். 25 வருடமாக அந்த வாசத்திலேயே சோறு தின்றவள் நான்.

வாந்திக்கு மாத்திரை கொடுப்பார்கள். வாந்தி வந்த பிறகு போடுவதில்லை அது, வருவதற்கு முன்னாலேயே நேரப்படி போட வேண்டும். ஒரே வேளையில் தட்டு நிறைய சாப்பிட முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக இட்லி, ரசம் சாதம், நன்றாக வேகவைத்த முட்டை, பருப்பு. வாய் வெந்து போனால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். முட்டை, கறி சாப்பிட்டால் நோய் வளரும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். டாக்டர் அதற்கு நேர்மாறாக, உடம்பு தேற புரதச் சத்து அவசியம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கீமோ மருந்து புற்றுநோயை அழிக்கும்போது ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். மருந்து ஏற்றிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் இது ரொம்பக் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. 100.4 டிகிரி தாண்டினால் ராத்திரி 2 மணி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். விடியட்டும், கஷாயம் வைத்துக் குடிப்போம், பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்குவோம் என்று இருக்கக்கூடாது. வீட்டில் 150, 200 ரூபாயில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். எனக்கு மூன்றாவது கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. பங்காளி வீட்டுப் பையன் ஆட்டோவில் சேலத்துக்குக் கூட்டிப்போனான். ஐந்து நாள் ஊசி போட்டார்கள். அடுத்த கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது.

முடியைப் பற்றிக் கேட்காமல் யாரும் விட மாட்டார்கள். முதல் கீமோ முடிந்து 17ஆம் நாள் தலை சீவினேன், சீப்போடு வந்தது. மறுநாளே மொட்டை அடித்துக்கொண்டேன். ஊரில் பழநிக்குப் போய் வந்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. புருவமும் கண் இமை முடியும் கொட்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அழுகை வரவைத்தது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. சிகிச்சை முடிந்து சில மாதத்தில் எல்லாம் திரும்ப முளைத்தது. முன்னே கோரை முடி, இப்போது சுருட்டை.

ரேடியேஷன் சுலபம். வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் மெஷினுக்கு அடியில் சில நிமிஷம் அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். ஷாக் அடிக்காது, வலிக்காது. உடம்பில் மையால் போடும் கோட்டை அழித்துவிடக் கூடாது. அந்த இடத்துத் தோல் கருத்து, வெயிலில் காய்ந்தது போல் எரியும். பவுடர், மஞ்சள் எதுவும் பூசக்கூடாது. ரேடியேஷன் எடுத்தவரிடம் கதிர் ஒட்டிக்கொண்டிருக்கும், குழந்தையைத் தூக்கக் கூடாது என்பது பொய். வெளியிலிருந்து மெஷினால் கொடுக்கும் சிகிச்சையில், மெஷினை நிறுத்தியதும் உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

அதே போல புற்றுநோய் ஒட்டுவார்ஒட்டி கிடையாது. இதை எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் எனக்குக் காப்பியைக் காகிதக் கப்பில் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு எல்லாம் சில்வர் டம்ளர். சீர் தட்டு எடுக்க வேண்டாம் என்று ஒரு விசேஷத்தில் நாசூக்காக ஒதுக்கினார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போதே என்னைத் தள்ளி வைத்தார்கள் என்றால் புருஷனை இழந்த சகோதரிகள் எவ்வளவு பட்டிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

காசுக் கணக்கு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் சேரலாம். வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. புற்றுநோய் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் அதில் உண்டு. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே எல்லா உறுப்பினர்களும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அட்டை இருக்கும்போதே ஒரு ஸ்கேன் சென்டரில் என்னிடம் முன்பணம் கேட்டார்கள். காப்பீட்டுத் திட்டத்தின் அலுவலர் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே இருப்பார், அவரிடம் கேளுங்கள், வாய்மூடி எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ரயிலிலும் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போய்வர, ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கி டிக்கெட் கவுன்டரில் கொடுத்தால், படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் கிடையாது, துணைக்கு வருபவருக்கு நூற்றுக்கு 75 பங்கு தள்ளுபடி. சேலத்தில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி விடியற்காலையில் சென்னையில் இறங்குவோம். சேலம் போகவர டவுன் பஸ்ஸில் 2021லிருந்தே நமக்கு டிக்கெட் இல்லை.

இவ்வளவு இருந்தும் கைக்காசு செலவானது. சென்னையில் அறை வாடகை, இரண்டு பேர் சாப்பாடு, ஆட்டோ, வெளியில் வாங்கிய சில மாத்திரை. அதைவிடப் பெரிய நஷ்டம் கூலி. எட்டு மாதம் நான் முறுக்குக்குப் போகவில்லை. துணைக்கு வந்த நாளெல்லாம் வீட்டுக்காரருக்குத் தறிக்கூலி இல்லை. காப்பீடு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும், அடுப்புக்குக் கொடுக்காது.

அந்த நேரம் என் பேரில் குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் இருந்தது. கூட்டத்தில் தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது ஒரு உறுப்பினர் எழுந்து, "அக்காவுக்குக் கொடுத்தா நாளைக்கு காய்ச்சல் வந்தவங்களும் கேப்பாங்க, அப்புறம் குழு ஓடுமா?" என்று கேட்டார். பலர் அவர் மேல் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. அவர் கேட்டதால்தான், இரக்கப்பட்டு வாய்ப்பேச்சில் விடாமல், தீர்மானப் புத்தகத்தில் விதியாக எழுதினோம். பெரிய நோய் என்று டாக்டர் சான்று கொடுத்தால் ஆறு மாதம் அசல் தவணை தள்ளிவைப்பு, வட்டி மட்டும் கட்ட வேண்டும், சந்தா கட்ட முடியாவிட்டாலும் உறுப்பினர் பெயர் நீங்காது. இரண்டு வருடம் கழித்து அதே விதி வேறு ஒருவருக்கு, சிறுநீரகக் கோளாறுக்கு உதவியது. உங்கள் குழுவில் இப்படி ஒரு விதி இல்லையென்றால் யாருக்கும் நோய் இல்லாத இந்த நேரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. நோயாளியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு விதி பேசுவது இரண்டு பக்கமும் சங்கடம்.

கைதான் நமக்குத் தொழில்

அக்குள் நெறியை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். நீர் வடியும் பாதை அறுபட்டுப் போவதால் இப்படி ஆகிறது. இது நமக்கு ரொம்ப முக்கியம். ஆட்டையாம்பட்டி முறுக்கு என்றால் கை முறுக்கு, அச்சில் பிழிவதில்லை. விரலால் முறுக்கி முறுக்கி வட்டம் சுற்ற வேண்டும். தறியாக இருந்தாலும் களையெடுப்பாக இருந்தாலும் கை இல்லாமல் வேலை இல்லை.

ஆபரேஷன் முடிந்ததும் சுவரில் விரலால் ஏணி ஏறுவது போல் ஏற்றி இறக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். தினம் செய்தேன். அந்தக் கையில் சூடு படக்கூடாது, காயம் படக்கூடாது, பட்டால் உடனே கழுவி மருந்து போட வேண்டும். இறுக்கமான வளையல் வேண்டாம். ஊசி, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் முடிந்தவரை மறு கையில். நான் அதற்கு முன் எண்ணெய்ச் சட்டியில் நிற்பவள். எண்ணெய் தெறிப்பது தினப்படி. குழுவில் பேசி, என்னை அடுப்பிலிருந்து எடுத்து, சுற்றும் வேலைக்கும் எண்ணிக் கட்டும் வேலைக்கும் மாற்றினார்கள். கூலி கொஞ்சம் குறைவு. கை வீங்கவில்லை.

இப்போது தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம் விடாமல் போடச் சொல்லியிருக்கிறார்கள். மாதவிலக்கு நின்றுவிட்டது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், நடுராத்திரியில் எழுந்து வாசலில் உட்கார்வேன். வருடம் ஒரு முறை மேமோகிராம், இடையிடையே டாக்டர் பார்ப்பார். ஒவ்வொரு தடவை போகும்போதும் ரயிலில் தூக்கம் வராது. அது பழகாது போலிருக்கிறது.

வினிகர் சோதனை

மார்பு போலவே நம் பெண்களுக்கு அதிகம் வருவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இதில் நல்ல செய்தி, புற்றுநோயாக மாறுவதற்கு முன்னாலேயே, பல வருடம் முன்னாலேயே கண்டுபிடிக்க முடியும். இதைக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். 2000ஆம் வருடம் தொடங்கி அங்கே கிராமம் கிராமமாக 30 முதல் 59 வயதுப் பெண்கள் 31,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள், வினிகரில் இருக்கும் அதே அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். கோளாறு இருக்கும் இடம் வெள்ளையாக மாறும். அப்படி வந்தவர்களுக்கு சிகிச்சை கொடுத்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் சாவு, மற்ற ஊர்களைவிட நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது என்று 2007இல் வெளியானது. உலக டாக்டர்கள் எல்லாம் அந்த ஆய்வைப் படித்தார்கள். கலந்துகொண்டவர்கள் நம்மைப் போலக் களையெடுக்கப் போகிற பெண்கள்.

இந்தச் சோதனையும் மார்பகச் சோதனையும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சில நிமிஷ வேலை. கூச்சம்தான் தடை. நான்கு பிள்ளை பெற்றவர்கூட "அங்கெல்லாம் காட்ட மாட்டேன்" என்கிறார். பரிசோதிப்பது பெண் நர்சுதான் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால், கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டால், நாற்றத்தோடு வெள்ளை பட்டால், சோதனை நாளுக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராமல் தடுக்கத் தடுப்பூசியும் இருக்கிறது, செவிலியரிடம் விசாரியுங்கள்.

குழுவில் வாசித்து முடித்ததும் இவற்றைப் பேசுங்கள். நம் குழுவில் 30 வயது தாண்டி இதுவரை சோதனை செய்யாதவர் எத்தனை பேர்? எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்து போனால் என்ன, எந்தக் கிழமை முறுக்கு வேலை குறைவு? காப்பீட்டு அட்டை யார் யாரிடம் இல்லை? பெரிய நோய்க்கு நம் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? கூட்டம் முடிந்த பிறகு யாராவது தனியாக உங்களிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க" என்று சொன்னால், அவரை மறுநாளே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவது யார் என்பதையும் இன்றைக்கே பெயர் எழுதி வையுங்கள். எங்கள் குழுவில் அந்தப் பெயர் என்னுடையது. இதுவரை ஏழு பேரோடு போயிருக்கிறேன். ஆறு பேருக்கு சாதாரணக் கட்டி. ஒருவருக்கு இப்போது நான்காவது கீமோ நடக்கிறது, சாப்பாடு முறை வைத்துக் கொண்டுபோகிறோம்.